சிலுப்பியின் கூடும் மூணு பேர் கூட்டமைப்பும்

காலை நீட்டிப் படு. போர்வையைத் தலைக்கு மேல இழுக்காதே, காது வெளியில இருக்கட்டும். நடுநடுவுல 'ம்' கொட்டணும், தெரிஞ்சுதா? கொட்டலைன்னா பெரியம்மா எழுந்து போயிடுவேன். எனக்குப் பாலுக்கு உறை ஊத்தற வேலை இருக்கு.

"ம்."

ஒரு ஊர்ல, ஊர் முடியற இடத்துல ஒரு ஏரி. கோணலேரின்னு பேரு. அந்த ஏரியில ஒரு முக்குளிப்பான் இருந்தா. பார்க்க வாத்து மாதிரி இருப்பா, ஆனா வாத்து இல்லை. உன் ரெண்டு கைக்குள்ள அடங்கிடுவா. வாலுன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. யாராவது உத்துப் பார்த்தா போதும், 'முளுக்'! தண்ணிக்குள்ள போயிடுவா. இங்க முங்கினா அங்க எந்திரிப்பா. எந்திரிச்சதும் சிலுசிலுன்னு இறகைச் சிலுப்பிக்குவா. அதனால அவ பேரு சிலுப்பி. அவ புருஷன் பேரு முங்கன். நல்ல மனுஷன். அதாவது, நல்ல பறவை. எதைச் சொன்னாலும் "பார்த்துக்கலாம்டி" ம்பான், பார்த்துக்கறது என்னவோ சிலுப்பிதான்.

அப்புறம், ரெண்டும் சேர்ந்து கோரைப் புதருக்கு நடுவுல கூடு கட்டுச்சுங்க. கூடுன்னா மரத்து மேல இல்லை. பாசி, அழுகின தழை, கோரைத் தண்டு எல்லாத்தையும் மூக்கால இழுத்து இழுத்து தண்ணி மேலயே ஒரு குவியல். காத்தடிச்சா தளக் தளக்குனு ஆடும். ஓடிப் போகாம இருக்க கோரைத் தண்டுல ஒரு முடிச்சு. அதுல நாலு முட்டை.

அவங்க சாதிக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டை விட்டு எந்திரிக்கணும்னா, ஈரத் தழையை எடுத்து முட்டை மேல போட்டு சரசரன்னு மூடிட்டுத்தான் எந்திரிக்கணும். மூடிட்டா அது கூடுன்னு யாருக்கும் தெரியாது, ஏதோ குப்பை மிதக்குதுன்னுதான் தோணும். காக்கா மேல வட்டமடிச்சுப் பார்த்துட்டு 'ச்சீ'ன்னு போயிடும். நம்ம வீட்டுக்குப் பூட்டு மாதிரி அவ வீட்டுக்கு அந்த அசிங்கம்தான் பூட்டு. உள்ள தழை அழுகற சூட்டுல முட்டையும் வெதுவெதுன்னு இருக்கும். சிலுப்பியோட அம்மா அப்படித்தான் பண்ணினா, அம்மாவோட அம்மாவும் அப்படித்தான்.

ம் எங்க?

"ம்."

அப்போ, ஒரு நாள் ஏரிக்கரையில 'டமடம டமடம'ன்னு பேண்டு வாத்தியம். பந்தல், நாற்காலி, தண்ணி பாட்டில். என்னடான்னு பார்த்தா மூணு பேர் ஏரியைக் காப்பாத்தறதுக்குக் கைகோத்துக்கிட்டாங்களாம். ஒருத்தர் சபேசன். கரையோரம் ஏரியில பாதியை மூடிக் கட்டின அடுக்குமாடி வீட்டுக்காரங்க சங்கத்துக்குத் தலைவர். இன்னொருத்தர் துவாரகேஷ். பெயிண்டு கம்பெனி மேனேஜர், அந்தக் கம்பெனி வாய்க்கால்ல செவ்வாய்க்கிழமை நீலமாவும் வெள்ளிக்கிழமை சிவப்பாவும் தண்ணி ஓடும். மூணாவது, ஹெப்சிபா மேடம். பெரிய ஸ்கூல் பிரின்சிபல். பேசினா மைக் இல்லாமலே மைக் வெச்ச மாதிரி இருக்கும், ஆனா கையில எப்பவும் மைக் இருக்கும்.

மூணு பேரும் மூணு பேனாவால கையெழுத்துப் போட்டு, மூணு தடவை போட்டோ எடுத்துக்கிட்டாங்க. முதல் போட்டோவுல சபேசன் கண்ணை மூடிட்டாராம், ரெண்டாவதுல மேடம். 'கோணலேரி உயிரினப் பாதுகாப்புக் கூட்டமைப்பு'ன்னு பெரிய பேனர். பேனர்ல ரோஸ் கலர்ல ஒரு பூநாரை. கோணலேரிக்குப் பூநாரை வந்ததே கிடையாது. அதனால என்ன, ரோஸ் கலர் எடுப்பா இருக்கே!

"ஏன்டி, நம்ம படம் போடலையே?"ன்னான் முங்கன்.

"போட்டா மட்டும் உங்களுக்கு வால் முளைச்சிடுமா? கம்முனு மீனைப் பிடிங்க"ன்னா சிலுப்பி.

அப்புறம் வந்துச்சு முதல் சோதனை.

அந்த மூணு பேரும், "இனிமே இந்த ஏரியில என்னென்ன பறவை இருக்குன்னு விஞ்ஞானிங்க சொல்ல வேண்டாம், பொதுமக்களே எண்ணிச் சொல்வோம்"னு கிளம்பிட்டாங்க. நல்ல யோசனைதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா எண்ணப் போறவங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் போகலாமில்லை? காட்டுல ராணுவம் ஒளிஞ்சிக்கற கலர்ல சபேசனுக்கு ஒரு தொப்பி. கழுத்துல பைனாகுலர், அதோட மூடியைக் கழட்டலை. பின்னாடி நாப்பது பேர், ஆளுக்கொரு போன். 'டிங் டிங் டிங்'.

"சார் சார், அதோ பூநாரை!"

"எங்கம்மா?"

"அந்தக் கரையில சார், வெள்ளையா!"

"வெள்ளையா இருந்தா குஞ்சுப் பூநாரை. அப்லோடு பண்ணுங்க, அப்லோடு பண்ணுங்க."

அது சிமெண்டு சாக்கு. காத்துல கொஞ்சம் தலையை ஆட்டுச்சு, அவ்வளவுதான். அதுக்கே கைத்தட்டல்.

கூட்டம் நேரா கோரைப் புதர்கிட்ட வந்து நின்னுடுச்சு. சிலுப்பி முட்டையைச் சரசரன்னு மூடிட்டு, முளுக்! தள்ளிப் போய் மூக்கு நுனியை மட்டும் வெளிய நீட்டிப் பார்த்தா, கால் மாத்திக் கால் மாத்தி அங்கயே நிக்கறாங்க. வெயில் ஏறுது. கூட்டுக்குத் திரும்ப முடியலை.

ஒரு அம்மா பார்த்துட்டாங்க. "சார், இங்க ஒரு குட்டி வாத்து..."

முளுக்!

"எங்க?"

"இப்ப இருந்துச்சு சார்."

"இருந்ததையெல்லாம் போட முடியாதும்மா. இருக்கறதைத்தான் போடணும். சயின்ஸ் இது."

கடைசியில, கோரை மூலையில பறவை எதுவுமில்லைன்னு முடிவு பண்ணிட்டு டிபன் சாப்பிடப் போயிட்டாங்க. சிலுப்பி பாய்ஞ்சு வந்து தழையைத் தள்ளிப் பார்த்தா, முட்டை நாலும் வெதுவெதுன்னு பத்திரமா இருக்கு.

"அப்பாடா. கண்ணுல படலை, விட்டுடுவாங்க"ன்னா சிலுப்பி.

ஆனா விடுவாங்களா? நீ சொல்லு.

"மாட்டாங்க."

ஆங். மாட்டாங்க. கோரை மூலையில பறவை இல்லைன்னா அங்க என்ன இருக்கு? வெறும் குப்பை. குப்பைன்னா என்ன பண்ணணும்? வாரணும்! இது ரெண்டாவது சோதனை.

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை டீ-சர்ட். முதுகுல பெயிண்டு கம்பெனி பேரு. துவாரகேஷ் எங்கயோ ஒரு பார்க்குலேருந்து படகு வாடகைக்கு எடுத்துட்டு வந்திருந்தார். என்ன படகு தெரியுமா? காலால மிதிச்சு ஓட்டற அன்னப் படகு! நீளக் கழுத்து, பெரிய கண்ணு, கண்ணுக்கு மை. சிலுப்பிக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அவ கண்ணுக்கு அது ஒரு ராட்சசப் பறவை, வயித்துக்குள்ள சபேசனும் துவாரகேஷும் உக்காந்து கால் உதைக்கறாங்க! கையில ஆளுக்கொரு நீட்டு முள்வாரி. 'சரக்'குனு போடறாங்க, 'சளப்'னு இழுக்கறாங்க. பாசி, தழை, கோரை எல்லாம் கரைக்குப் போகுது.

கரையிலேருந்து ஹெப்சிபா மேடம் மைக்கில, "அசிங்கமா இருக்கறது எதையும் விடாதீங்க! நீட்டா இருக்கணும்! நீட்!"

முங்கன் பதறிட்டான். "மூடிட்டு வாடி, முங்கிடலாம்!"

சிலுப்பி ஒரு வாய்த் தழையை எடுத்துட்டா. முட்டை மேல போடப் போனவ, அப்படியே நிறுத்திட்டா.

"ஏங்க, மூடினா இது என்ன?"

"என்ன?"

"குப்பை. அவங்க எதை வாரறாங்க?"

முங்கன் சொன்னான், "மூடாம வெச்சா காக்கா பார்த்துடும்டி."

"காக்கா ஒண்ணு ஒண்ணாத்தான் தூக்கும். இவங்க கூட்டோட வாரிடுவாங்க."

சொல்லிட்டு வாயிலிருந்த தழையைத் துப்பிட்டா. முட்டை மேல ஏறி உக்காந்துட்டா. நல்லாத் தெரியற மாதிரி, கழுத்தை நீட்டிக்கிட்டு.

நமக்கு இது பெரிய விஷயமா தெரியாது. ஆனா முக்குளிப்பானுக்கு யாராவது பார்த்தா முங்கணும். யோசிச்சு முங்கறது இல்லை, உனக்குக் கண்ணுல தூசி விழுந்தா இமை தானா மூடுதில்லை, அந்த மாதிரி. கால் ரெண்டும் முங்கு முங்குன்னு துடிக்குது. அன்னம் பக்கத்துல வருது. சரக்... சளப். இன்னும் பக்கத்துல. சரக்... சளப். முள்வாரியை அவ தலைக்கு மேல தூக்கினதும்...

ம்?

"ம்! ம்!"

"கிர்ர்ர்ர்ர்ர்ர்!"னு கத்தினா பாரு! சபேசன் கையிலேருந்து முள்வாரி தண்ணிக்குள்ள 'தொபுக்'. தொப்பியும் 'தொபுக்'. அன்னம் இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது, துவாரகேஷ் அன்னத்தோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

"மேடம்!"னு அலறினார் சபேசன். "மேடம்! குப்பைக்கு உயிர் இருக்கு!"

அதோட குப்பை வாரறது நின்னுச்சு. பைனாகுலர் மூடியைக் கழட்டிட்டு எல்லாரும் பார்த்தாங்க. பறவை! அடியில முட்டை! கரையில ஒரே ஆரவாரம். சிலுப்பி மூச்சு விட்டா. அவ நினைச்சா, இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, இனிமே நம்மளை நிம்மதியா விடுவாங்கன்னு. பாவம்.

சபேசன் சொன்னார், "முதல்ல பார்த்தது நான். சங்கத்துப் பறவை."

"படகு யாரோடது?"ன்னார் துவாரகேஷ். "எங்க கம்பெனி லோகோவுல போடப் போறோம். பூநாரையைத் தூக்கிடலாம்."

"எக்ஸ்க்யூஸ் மீ, நான் நீட்டா இருக்கணும்னு சொன்னதாலதான் நீங்க அந்த மூலைக்கே போனீங்க"ன்னாங்க மேடம்.

சத்தம் ஏறி ஏறி, கடைசியில ஏரியை மூணாப் பிரிச்சுக்கறதுன்னு முடிவாச்சு. ஆரஞ்சு பந்து கோத்த கயிறு மூணு. ஏரி நடுவுல மூணுக்கும் ஒரே முடிச்சு. இந்தப் பங்கு சங்கத்துக்கு, அந்தப் பங்கு கம்பெனிக்கு, கோரை மூலை ஸ்கூலுக்கு. அவங்கவங்க பங்குல அவங்கவங்க இயற்கையைக் காப்பாத்தலாம், அடுத்தவன் பங்குல கையை நீட்டினா விசில்.

சிலுப்பி இப்போ ஹெப்சிபா மேடத்துப் பறவை. மூணாவது சோதனை அதுதான்.

திங்கக்கிழமையே பஸ் வந்துடுச்சு. அடுத்த பஸ். அதுக்கடுத்த பஸ். இயற்கைக் கல்வியாம். மேடம் மைக்கில, "சில்ட்ரன்! சத்தம் போடக் கூடாது! பேர்ட் பயந்துடும்! கேக்குதா?" பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து, "கேக்குது மேஏஏடம்!" ஏரி முழுக்க எதிரொலி.

அப்புறம் மேடம், "ஜீவகாருண்யம்னா என்ன? பசிச்ச வாய்க்குக் கொடுக்கறது. எல்லாரும் ஒரு பிஸ்கட் போடுங்க" ன்னாங்க.

சிலுப்பி பிஸ்கட் சாப்பிடுவாளா? அவ சாப்பிடறது குட்டி மீனு, தலைப்பிரட்டை, தண்ணிப்பூச்சி. ஆனா பிஸ்கட் சாப்பிடறவன் ஒருத்தன் இருக்கானே. கா... கா... கா! ஊர்க் காக்கா அத்தனையும் வந்து இறங்கிடுச்சு. ஒரு பிஸ்கட் சிலுப்பி தலையில 'டொக்'னு விழுந்துச்சு. துள்ளினா. துள்ளின அந்த ஒரு நொடி, மூட நேரமில்லை...

ஒரு காக்கா ஒரு முட்டையைக் கவ்விட்டுப் போயிடுச்சு.

"பெரியம்மா, அதுக்குள்ள இருந்த பாப்பா?"

அது போயிடுச்சு கண்ணு. கதைக்காகப் பொய் சொல்ல மாட்டேன். சிலுப்பி கத்தினா, முங்கன் றெக்கையை அடிச்சுக்கிட்டுத் துரத்தினான், காக்கா எங்க, அவன் எங்க. கரையில பிள்ளைங்க சில பேர் அழுதாங்க. மேடம், "இதுதான் சில்ட்ரன் உணவுச் சங்கிலி, எழுதிக்கோங்க"ன்னாங்க.

பஸ் போனப்புறம் சிலுப்பி மிச்சம் மூணு முட்டையையும் இறகுக்குள்ள இழுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. முங்கன் பக்கத்துலயே சுத்திச் சுத்தி வந்தான். பார்த்துக்கலாம்டின்னு அன்னிக்கு அவன் சொல்லலை.

மறுநாளும் பஸ். மறுநாளும் பிஸ்கட். அவ அசையவே இல்லை. காக்கா கிட்ட வந்தா கொத்தினா. பட்டினி. அப்படி உக்காந்திருந்தவ கண்ணுல ஒண்ணு பட்டுச்சு. ஒரு பையன் போட்ட பிஸ்கட் கயிறைத் தாண்டி சங்கத்துப் பங்குல விழுந்துடுச்சு. உடனே அந்தக் கரையிலேருந்து 'பீஈஈஈ'ன்னு விசில். சபேசன் வெச்ச வாட்ச்மேன்! "ஓய், எங்க பங்குல ஏன் போடறீங்க?" மேடம் அத்தனை பிள்ளைங்களையும் நாலடி பின்னால தள்ளிட்டாங்க. கொஞ்ச நேரத்துல கம்பெனி வாட்ச்மேன் சபேசனோட வாட்ச்மேனைப் பார்த்து 'பீஈஈஈ'.

"ஏங்க"ன்னா சிலுப்பி.

"சொல்லுடி."

"கயிறுக்கு இந்தப் பக்கம் மேடம். அந்தப் பக்கம் சபேசன். அதுக்கும் அந்தப் பக்கம் பெயிண்டு. கயிறு மேல யாரு?"

முங்கன் யோசிச்சான். "கயிறு மேல... எல்லாரும்."

"மூணு பேரும் எங்களுதுன்னு சொன்னா?"

முங்கன் மெதுவா, "ஒருத்தன் கையை நீட்டினா மத்த ரெண்டு பேரும் விசிலடிப்பாங்க"ன்னான்.

"நடுமுடிச்சு வரைக்கும் தள்ள முடியுமா?"

"தள்ளுவேன்டி"ன்னான் முங்கன்.

மத்தியானம் மேடம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பஸ் நிழலுக்குச் சாப்பிடப் போனாங்க. மேடம் வெச்சவனையும் சேர்த்து மூணு வாட்ச்மேனும் மூணு மரத்தடியில தயிர்சாதம். அப்போ சிலுப்பி கோரைத் தண்டு முடிச்சைக் கொத்திக் கொத்தி அவுத்தா. முட்டையை நல்லா மூடினா. முங்கன் பின்னாலேருந்து நெஞ்சால முட்டறான், அவ முன்னாலேருந்து மூக்கால இழுக்கறா. தளக்... தளக்... கூடு நகருது. வெட்டவெளி! கோரை கிடையாது, நிழல் கிடையாது. மேல காக்கா ஒண்ணு வட்டமடிச்சுது. பார்த்துச்சு. ஏதோ குப்பை மிதந்து போகுதுன்னு போயிடுச்சு. தளக்... தளக்... மூச்சு வாங்குது. கடைசியில நடுமுடிச்சு! பாசியைச் சுத்திச் சுத்திக் கயிறோட கட்டிட்டா. கட்டிட்டு ஏறி உக்காந்துட்டா.

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான்.

"ம்..."

சாயங்காலம் கரையில பாக்கணுமே கூத்து!

"எங்க பறவையைத் திருடிட்டீங்க!"ன்னாங்க மேடம்.

"திருடறதா? அதுவா எங்க பங்குக்கு வந்திருக்கு. பாருங்க, தலை எங்க பக்கம்தான் இருக்கு"ன்னார் சபேசன்.

"சார், முட்டையை வெச்சுத்தான் பேசணும். முட்டை எங்க பக்கம்"னார் துவாரகேஷ்.

"உங்க பக்கம் போனா நீலத்துல குஞ்சு பொரிக்கும்!"

"மிஸ்டர் சபேசன், ஏரியில வீடு கட்டினவர் பேசற பேச்சா இது?"

"டிசிப்ளின்! டிசிப்ளின்!"னு மைக்கில மேடம்.

கடைசியில ஒரே ஒரு விஷயத்துல மூணு பேரும் ஒத்துப் போனாங்க. இது யாரோட பறவைன்னு தீர்ற வரைக்கும் ஏரிக்குள்ள ஒருத்தரும் காலை வைக்கக் கூடாது. படகு கூடாது, பஸ் கூடாது, பிஸ்கட் கூடாது. மீறினா மத்த ரெண்டு பேரும் கேஸ் போடுவாங்க. அன்னப் படகு பார்க்குக்குத் திரும்பிப் போச்சு. பிஸ்கட் இல்லைன்னதும் காக்காவும் வேற தெருவுக்குப் போயிடுச்சு. ஆளில்லாத ஏரியில கோரை குபுகுபுன்னு வளர்ந்துச்சு. சிலுப்பி முட்டையை மூடிட்டு, முளுக்குனு போய், வயிறு நிறைய மீன் தின்னுட்டு வந்தா.

அந்த மூணு பேரும் தினம் கரையில நாற்காலி போட்டுப் பேச்சுவார்த்தை நடத்தினாங்க. முதல்ல ஏரியைப் பார்த்து உக்காந்து பேசினாங்க. கோவம் ஏற ஏற நாற்காலியைத் திருப்பி ஏரிக்கு முதுகைக் காட்டிப் போட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

அப்படி ஒரு காலையில, 'டிக்'. முட்டையில ஒரு கீறல். 'டிக் டிக்'. 'கீச்'! மூணு குஞ்சு, முகத்துல வரிவரியா. பொறந்த கொஞ்ச நேரத்துலயே நனைஞ்ச இறகோட தத்தித் தத்தி அம்மா முதுகுல ஏறிக்கிச்சுங்க. சிலுப்பி றெக்கையைக் கொஞ்சம் தூக்கி மூணையும் உள்ள செருகிக்கிட்டா. தலை மட்டும் வெளிய, மூணு குட்டித் தலை.

"முதல் தடவை வெளிய போறோம். எந்தப் பக்கம்டி?"ன்னான் முங்கன்.

"கரையோரம்தான் பூச்சி நிறைய."

"அங்க அந்த மூணு பேர் இருக்காங்களே!"

"இருக்கட்டும், வாங்க"ன்னா சிலுப்பி.

போனாங்க. சபேசன் மேஜையைக் குத்திக்கிட்டிருந்தார், மேடம் மைக்கைத் தட்டிக்கிட்டிருந்தாங்க, துவாரகேஷ் வக்கீலுக்குப் போன் போட்டுக்கிட்டிருந்தார். அவங்க முதுகுக்குப் பின்னால, கை நீட்டினா தொடற தூரத்துல, தண்ணியில சத்தமே இல்லாம, சிலுப்பி தன் பிள்ளைங்களை முதுகுல வெச்சுக்கிட்டு கரை நெடுக நிதானமா நீந்திப் போனா.

மூணு பேர்ல ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. அந்த ஏரிக்கு அவங்க பண்ணின ஒரே உபகாரம் அதுதான்.

கோணலேரியில அலை அடங்கிடுச்சு, கதையும் அடங்கிடுச்சு. காதையும் போர்வைக்குள்ள இழுத்துக்கோ. தூங்கு.